பதினேழாம் எண்ணின் கட்டைவிரல்

“கை நம்ம பேச்சக் கேக்கற வரைக்கும்…” என்று பெரியப்பா ஒருமுறை சொன்னார். அதற்கப்புறமும் ஏதோ சொன்னார். அந்த மீதிதான் காலையிலிருந்து வரமாட்டேன் என்கிறது. கேட்கிற வரைக்கும் என்ன? கவலையில்லை என்றாரா, ராஜா மாதிரி இருக்கலாம் என்றாரா, அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லையே அவர், உடுமலை–கோயமுத்தூர் வண்டியில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக நின்றவர், வாயிலிருந்து வருவதில் பாதி ஊர்ப்பெயர், மீதிப் பாதி உள்ள போ, உள்ள போ. திருமூர்த்தி சாய்வு நாற்காலியில் தலையைச் சாய்த்து, வலது கையைத் தலையணைமேல் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, காதில் ரப்பர் அடைப்பான்களோடு கிடந்தான். இந்த அறை முன்பு ஆஸ்பத்திரியின் சலவைக் கிடங்காக இருந்தது. ஆய்வுக்கூடமாக்கி நாலு வருஷமாகியும் வெந்த துணியின் வாசம் சுவரை விட்டுப் போகவில்லை, மழை நாளில் கூடுதலாக வரும், இன்றைக்கு மழை. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட். ‘கதவை மூடவும்’ என்று அதற்குள்ளிருந்து, அடைப்பானையும் மீறி, ஒரு பெண்குரல் யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தது, யாரும் மூடுவதாகத் தெரியவில்லை. டெக்னீஷியன் பூங்கொடி அவன் தலையில் துணித்தொப்பி ஒன்றை இழுத்து மாட்டி, அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். “சாருக்கு முடி இல்லாதது நல்லதாப் போச்சுங்க. போன வாரம் ஒரு அக்கா வந்தாங்க, கொண்டைய அவுக்கறதுக்கே அர மணி நேரம்.” கிண்டலா என்று கேட்டான். “ஐயோ, சுளுவா இருக்குதுன்னு சொன்னனுங்க,” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “கைய தளர வுடுங்க சார். கோயில்ல பிரசாதம் வாங்கறாப்பல வெக்கோணும், நீங்க சோறு பெசையறாப்பல வெச்சிருக்கறீங்க.” அது அவன் நோயாளிகளிடம் சொல்கிற வாசகம். அவனிடமிருந்து பிடித்துக்கொண்டு அவனுக்கே திருப்பிச் சொல்கிறாள். தளர விட்டான். விட்டேன் என்று நினைத்துக்கொண்டான். தளர்ந்த கை எப்படி இருக்கும் என்பது தளர்ந்த கைக்குத்தானே தெரியும்.

ஆய்வு அவனுடையது. எட்டு வடிவச் சுருள் ஒன்றைத் தலைமேல் வைத்து ஒரு கணம் மின்சாரம் விட்டால் அதிலிருந்து கிளம்பும் காந்தம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போய், மூளையில் கையை ஆளுகிற இடத்தைத் தட்டும். அந்தத் தட்டு முதுகுத்தண்டு வழியே இறங்கிக் கட்டைவிரலின் அடிச்சதையைத் துள்ள வைக்கும். எவ்வளவு பலமாகத் தட்டினால் விரல் துள்ளுகிறது, எத்தனை நேரத்தில் துள்ளுகிறது என்று அளப்பதுதான் வேலை. கைகால் சூம்பி, நாக்கு சூம்பி, கடைசியில் மூச்சும் சூம்பிப் போகிற நோய் இருக்கிறதே, அதில் இந்தப் பாதை எங்கே முதலில் கெடுகிறது என்று பார்க்க இருபத்துநாலு நோயாளிகள். ஒப்பிடுவதற்கு அதே வயதில் நோயில்லாத இருபத்துநாலு பேர். நோயாளிகள் கிடைத்துவிட்டார்கள், அவர்கள் எப்போதும் கிடைத்துவிடுகிறார்கள். நோயில்லாதவர்கள்தான் பதினாறோடு நின்றுவிட்டார்கள். செக்யூரிட்டி மயில்சாமி சுருளைப் பார்த்ததும் “ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்தர்றனுங்க” என்று போனவர், இப்போது மெயின் கேட்டில் டூட்டி மாற்றிக்கொண்டு இந்தப் பக்கமே வருவதில்லை. ஆள் குறைந்தால் ஆய்வுக்கூடத்தாரே நோயில்லாதவராக உட்காருவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். மான்செஸ்டரில் இருந்த பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேருடைய ஆய்வில் அவன் நோயில்லாதவனாக உட்கார்ந்திருப்பான், எண்ணவில்லை. அதனால் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டே, “பூங்கொடி, பதினேழு நான்தான், படிவத்தக் கொண்டா,” என்றான். நின்ற வாக்கில் கையெழுத்துப் போட்டான். “முப்பத்தெட்டு கேள்விங்க சார், என்னய வேலைக்கு எடுக்கறப்பக்கூட இத்தன கேக்கல,” என்று அவள் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்று கட்டங்களில் டிக் அடித்துக்கொண்டே போனான். அவன் எழுதிய கேள்விகள். எழுதியவனுக்குப் படிக்க என்ன இருக்கிறது.

“அம்பது,” என்றாள் பூங்கொடி. டக். தலைக்குள் யாரோ ஸ்கேலால் மேஜையில் தட்டியது போல. கட்டைவிரல் துள்ளியது. அவன் துள்ளவில்லை, அது துள்ளியது. எத்தனை வருஷமானாலும் பழகாத விஷயம் இதுதான், நாம் அசைக்காமல் நம் விரல் அசைவதும், அசைந்தபின் மனசு அவசரமாக ஓடிவந்து ஆமாம் நான்தான் அசைத்தேன் என்று பொய் சாட்சி சொல்லப் பார்ப்பதும். “நாப்பத்தஞ்சு.” டக். துள்ளியது. சோதனைக்கு உட்கார்ந்தவர் திரையைப் பார்க்கக் கூடாது, அவன் போட்ட விதி, எனவே திரை அவனுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றது. ஆனால் பலத்தைச் சதவீதத்தில் உரக்கச் சொல்லவேண்டும் என்பதும் அவன் போட்ட விதி. பத்து தட்டில் ஐந்து தரம் விரல் துள்ளுகிற அளவுக்குப் பலத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும், அதுதான் அந்த ஆளுடைய வரம்பு. “நாப்பது.” டக், டக், டக். விரல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியது. பெரும்பாலானவர்களுக்கு இந்த யந்திரத்தில் இங்கே சோர்ந்துவிடும். “முப்பத்தெட்டு.” லிஃப்ட் கீழே இறங்கும்போது மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது, நாம் இறங்கவேண்டிய மாடி தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, கதவு திறக்கவில்லை. “முப்பத்தாறு.” துள்ளியது. மான்செஸ்டரில் இருபத்தாறு வயதில் முதல்முறை உட்கார்ந்தபோது அவனுடைய வரம்பு ஐம்பத்துநாலு. அது வேறு யந்திரம். வேறு சுருள். அன்றைக்குக் காபி குடிக்கவில்லை. நேற்றுத் தூக்கம் சரியில்லை, தூக்கம் கெட்டால் வரம்பு இறங்கும், இறங்குமா, கொஞ்சம் இறங்கலாம் என்று ஒரு கட்டுரை, இறங்காது என்று ஒரு கட்டுரை. “முப்பத்துநாலு,” என்றாள். குரலில் ஒன்றுமில்லை. விரல் துள்ளியது. கூப்பிடும் முன்பே வந்து நிற்கிற ஆள் மாதிரி. இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று மாணவர்களுக்கு அவனே பாடம் எடுத்திருக்கிறான். சாவதற்கு வெகு முன்னால் அந்தச் செல்கள் ஒருவகைப் பரபரப்புக்கு வருகின்றன, சதை சூம்பும் முன், ஆள் உணரும் முன், சின்னதாகத் தட்டினாலும் குதிக்கின்றன. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு, நல்ல கையெழுத்தில். ஆனால் ஒரே ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்லமுடியாது என்றும் அதே வகுப்பில் சொல்லியிருக்கிறான். ரெண்டும் உண்மை. ரெண்டும் ஒரே தலைக்குள், ஒரே தொப்பிக்கு அடியில்.

பெரியப்பாவின் கட்டைவிரல். டிக்கெட் கட்டை இடது உள்ளங்கையில் வைத்து வலது கட்டைவிரலால் ஒரு தள்ளு, சரக்கென்று ஒற்றை டிக்கெட் கிழிந்து வந்துவிடும், பார்க்காமலே செய்வார், பல்லடத்துக்காரரிடம் ஏதோ வம்பு பேசிக்கொண்டே, விசிலை வாயின் ஓரத்தில் கடித்துக்கொண்டே. திருமூர்த்தி மருத்துவக் கல்லூரி முதல் வருஷம் படித்தபோது சனிக்கிழமை ஊருக்குப் போவது பெரியப்பா வண்டியில்தான். கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் அவனுக்கு, உடுமலைவரைக்கும் யார் வந்து கேட்டாலும் “டாக்டர் உக்காந்திருக்கறாரு, கண்ணு தெரியலயா,” என்பார். எலும்புகளின் பெயருக்கு மேல் எதுவும் தெரியாத டாக்டர். அந்த மார்கழியில் ஒருநாள் டிக்கெட் ரெண்டு சேர்ந்து வந்தது. மறுபடியும் ரெண்டு. விரலை ஈரப் பஞ்சில் ஒற்றிக்கொண்டார், மறுபடி ரெண்டு. பிறகு டிக்கெட் கட்டைப் பல்லில் கடித்துக் கிழித்தார். சுல்தான்பேட்டையில் கூட்டம் இறங்கி வண்டி காலியானபோது அந்தக் கை அவனுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்திருந்தது, மாலை வெயில் அதன்மேல் விழுந்தது. கட்டைவிரலின் அடிமேடு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம். பள்ளத்துக்குள் தோலுக்கடியில் என்னவோ நெளிந்துகொண்டிருந்தது, மழை விழும் குட்டை மாதிரி அங்கங்கே துடித்துத் துடித்து. அந்த வாரம்தான் கல்லூரியில் பிணத்தின் கையை அறுத்துப் படித்திருந்தார்கள். அந்தத் தசையின் லத்தீன் பெயர் மூன்று சொல்லில் அவனுக்குத் தெரியும், மனசுக்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்தான், தெரிந்ததில் ஒரு பெருமைகூட வந்தது, அதை இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது. கையைத் தொட்டு, “பெரீப்பா, இது எத்தன நாளா,” என்றான். அவர் கையை இழுத்து பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார், கை நம்ம பேச்சக் கேக்கற வரைக்கும். அதற்கப்புறம் டிரைவர் ஹாரன் அடித்தார். ஹாரன் ஞாபகமிருக்கிறது. ஏர் ஹாரன், மூன்று சுதி. ஹாரன் ஞாபகமிருக்கிற மனுஷனுக்கு அதற்கடியில் சொன்ன வார்த்தை ஞாபகமில்லையாம். அடுத்த ஆடியில் விசில் ஊதவரவில்லை. உதடு குவியவில்லை, காற்று ஓரத்தில் ஒழுகியது, வண்டியின் பக்கத் தகரத்தை உள்ளங்கையால் அடித்து நிறுத்தவும் கிளப்பவும் செய்தார், ஏறியவர்களெல்லாம் கண்டக்டருக்கு இன்றைக்கு என்ன கோபமோ என்று பார்த்தார்கள். வாதம் என்றது குடும்பம். வாதத்துக்கு எண்ணெய், வாதத்துக்குப் பத்தியம். படுக்கையில் பேச்சுப் போனபின் மேலும் பதினாறு மாசம். அவன் அப்போது மூன்றாம் வருஷம், அந்த வருஷமே அதற்கு வாதம் அல்லாத ஒரு பெயர் உண்டு என்று படித்தும்விட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அப்போது ஒரு காரணம் இருந்தது, நல்ல காரணம்தான். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், அந்த மார்கழியில் அவருக்கு வயது நாற்பத்தெட்டு. இவனுக்கு வருகிற தையில் நாற்பத்தொன்பது. அப்பாவை வைத்துக் கணக்குப் பார்க்கலாம் என்றால் அவர் முப்பத்தொன்பதிலேயே பல்லடம் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார், அவருடைய கை கடைசிவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, கடைசி அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது.

“இனி ரெட்டத் தட்டுங்க சார்,” என்றாள் பூங்கொடி. “கோயில் பிரசாதம், மறந்துராதீங்க.” ஆனால் சிரிப்பில்லை. எப்போது நின்றது அவள் சிரிப்பு? முப்பத்தாறிலா, முப்பத்துநாலிலா? ரெட்டைத் தட்டு என்பது முதலில் விரலை அசைக்காத அளவுக்குச் சின்னத் தட்டு ஒன்று, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பெரிய தட்டு. நல்ல மூளையில் அந்தச் சின்னத் தட்டு உள்ளே இருக்கிற காவல்காரனை எழுப்பிவிடும், பெரிய தட்டு வரும்போது அவன் கையைக் காட்டி நிறுத்துவான், விரல் பேருக்கு ஒரு அசைவு அசைந்து அடங்கும். டக். கட்டைவிரல் தலையணையை விட்டு எழும்பியது. டக். மறுபடியும். திரையைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. காவல்காரன் இல்லை. அல்லது இருக்கிறான், தூங்குகிறான், மெயின் கேட்டில் டூட்டி மாற்றிக்கொண்டு போய்விட்டான், சிரிப்பு வந்தது, விழுங்கிப் பார்த்தான், விழுங்கமுடிந்தது, ஒவ்வொரு விழுங்கலையும் இனி இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேனா. பூங்கொடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து துள்ளலை அளக்க அவன் கையில் ஒட்டியிருந்த தகடுகளை அமுக்கிப் பார்த்தாள். “பசை காஞ்சுபோச்சாட்டம் இருக்குதுங்க. மறுக்கா ஒட்டிப் பாக்கட்டுங்களா?” பசை காயவில்லை. காய்ந்தால் திரையில் அலை சிறியதாகும், பெரியதாகாது. இது அவளுக்கு அவன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். “பாரு,” என்றான். பிய்த்துத் துடைத்தாள், குளிர்ந்த ஸ்பிரிட், புதுப் பசை, புதுத் தகடு, அவன் உள்ளங்கையைத் தன் கையில் ஏந்தி ஒட்டியபோது அவள் பார்வை கட்டைவிரல் மேட்டில் ஒரு நொடி அதிகமாக நின்றது. நாலு வருஷமாக எத்தனை நோயாளிகளின் கையை இப்படி ஏந்தியிருக்கிறாள். மேடு இருக்கிறது. மேடு இருக்கிறது அல்லவா. இடது கையோடு வைத்துப் பார்க்கவேண்டும், இப்போது பார்க்கக் கூடாது, அவள் முன்னால் கூடாது. டக். எழும்பியது. டக். எழும்பியது. முப்பது ஜோடித் தட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஐந்தாறு நொடி, அந்த நொடிகளில் லிஃப்டுக்காரி கதவை மூடச் சொன்னாள், மேலே எங்கோ டிராலியின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே போனது, வெந்த துணி வாசம் மூக்கில் ஏறியது.

முடிந்து தொப்பியைக் கழற்றியபின் அவள் திரையைத் திருப்பவில்லை. விதிப்படி இப்போது திருப்பலாம். சுருளைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். “சார், ஒண்ணு சொல்லட்டுங்களா. நேத்தும் நீங்க நேரங்கழிச்சுப் போனீங்க, சாப்படக்கூட இல்ல. இத சேக்க வேண்டாங்க. கேன்டீன் அண்ணனுது அன்னிக்கு மிஷின் தகராறுன்னு எழுதி நீக்குனமில்ல, அதாட்டம் எழுதிக்கறனுங்க. எங்க மாமனக் கூட்டிட்டு வர்றேன் நாளைக்கு, அவருக்கும் நாப்பத்தேழு நடக்குது. சும்மாதான் ஊட்டுல உக்காந்து டிவி பாக்குது.” நல்ல பெண். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் கத்தியிருப்பான். மிஷின் தகராறு. ரெண்டு வார்த்தை. பதினேழு காலியாகும், பதினேழில் அவள் மாமன் வந்து உட்காருவார், டிவி பார்த்த கண்ணோடு, அவருடைய காவல்காரன் விழித்துக்கொண்டிருப்பான். அல்லது அதுகூட வேண்டாம், அப்படியே சேர்த்துவிடலாம், இருபத்துநாலு பேரின் சராசரியில் ஒருவன் கரைந்துபோவான். கரைந்தும் அங்கேயே இருப்பான், சராசரியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. “படிவம் எங்கே,” என்றான். எடுத்துக் கொடுத்தாள். படிவத்தில் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ், ரெண்டும் அவன் எழுதியது. நான்காவது கேள்வி, இதற்கு ‘உண்டு’ என்றால் நோயில்லாதவராக உட்காரமுடியாது. ஆங்கிலத்தில் அது நோய்களின் பெயர்களைச் சொல்லிக் கேட்கும், இவற்றில் ஏதேனும் உங்கள் குடும்பத்தில் கண்டறியப்பட்டதுண்டா என்று. நின்ற வாக்கில் அவன் பேனா அந்தப் பக்கமாகவே இறங்கியிருந்தது, பதினெட்டு வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்கு ஆங்கிலத்தின் மேல் போகிறது. இல்லை என்று டிக். பொய்யில்லை. யாரும் எதையும் கண்டறியவில்லை, எண்ணெய்தான் தடவினார்கள். தமிழ்ப் பக்கத்தில் கேள்வி வேறு மாதிரி இருந்தது. வருகிறவர்களுக்கு நோயின் பெயர் தெரியாது, வாதம் என்பார்கள், செய்வினை என்பார்கள், அதனால் கண்ணால் பார்த்ததைக் கேட்கவேண்டும் என்று மூன்று நாள் உட்கார்ந்து திருத்தித் திருத்தி எழுதிய வரி. ‘உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கை சூம்பி, பிறகு பேச்சோ விழுங்குவதோ கெட்டுப்போனது உண்டா?’ கை சூம்பி. யாரை நினைத்துக்கொண்டு எழுதினான் இதை?

எழுதியவனுக்குத் தெரியும். படித்தவனுக்குத்தான் தெரியாமல் போனது. தட்டத்தில் எடுத்து வைத்திருந்த செல்போன், கழற்றிய வாட்ச்சின்மேல் உரசி அதிர்ந்தது. மகள் இனியா. மான்செஸ்டரில் இப்போது விடிந்திருக்கும். பல் மருத்துவம் மூன்றாம் வருஷம், அப்பா அம்மா ஊருக்குக் கிளம்பியபோது வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுகொண்டவள். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள், மெழுகில் செதுக்கிய கடைவாய்ப்பல், அதைப் பிடித்திருந்த அவளுடைய கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும். ‘எங்க பேட்ச்லயே என் கைதான் ஸ்டெடியாம்ப்பா, சார் சொன்னார்.’ படத்தில் பல்லைப் பார்த்தானா விரலைப் பார்த்தானா? இந்தப் படிவத்தில் ஒரு டிக் இடம் மாறினால் அது இவனோடு நிற்காது. அவளிடம் சொல்லவேண்டும். சொன்னால் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துப் பார்ப்பதா வேண்டாமா என்று இருபத்தொரு வயதில் அவள் உட்கார்ந்து யோசிக்கவேண்டும், மெழுகுப் பல்லைப் பிடிக்கும்போதெல்லாம் விரலைப் பார்க்கவேண்டும். சொல்லாவிட்டால் அவள் நிம்மதியாகச் செதுக்குவாள். எதுவரைக்கும்? கை பேச்சைக் கேட்கிற வரைக்கும். போன் அதிர்ந்து நின்றது. நின்ற அந்த அமைதியில், ஹாரனுக்கு அடியிலிருந்து, வந்துவிட்டது. தேடாதபோது வந்தது, பெரியப்பாவின் குரலிலேயே, ஜன்னலுக்கு வெளியே பார்த்த முகத்தோடு. “கை நம்ம பேச்சக் கேக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்காத, சாமி.” அவ்வளவுதான் அவர் சொன்னது. கெஞ்சினார். டிக்கெட்டைப் பல்லில் கடித்துக் கிழிக்கிற மனுஷன் கெஞ்சினார், வேலை போய்விடும் என்று பயம், வேறென்ன. இவன் சரி என்று தலையாட்டினான். தலையாட்டியது அன்றைக்கு. அவர் கை பேச்சைக் கேட்பது நின்றபிறகும், பேச்சே நின்றபிறகும், தகனம் முடிந்தபிறகும், மான்செஸ்டரிலும், இந்தச் சலவைக் கிடங்கிலும், இன்று காலை காபியோடு நின்றுகொண்டும், அதே தலையாட்டலைத்தான் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

“சார், மாமனுக்குச் சொல்லிரட்டுங்களா?” என்றாள் பூங்கொடி. அவள் கையில் ‘மிஷின் தகராறு’ என்று எழுதவேண்டிய பதிவேட்டுப் பக்கம் திறந்திருந்தது. கட்டைவிரலின் அடியில் பசை காய்ந்து இழுத்தது. இப்போது உண்மையிலேயே காய்ந்திருந்தது. “பேனா இருக்கா,” என்றான். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். விரல்கள் பேனாவைப் பிடித்தன, சொன்னபடி. திருமூர்த்தி ஆங்கிலப் பக்கத்து டிக்கை ஒரு கோட்டால் அடித்தான். தமிழ்ப் பக்கத்தில் நான்காவது கேள்விக்கு நேரே ‘உண்டு’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் ‘பெரியப்பா’ என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் இட்டு, படிவத்தை அவளிடம் கொடுத்தான்.